ஆம்ப்ளிஃபையருக்குப் பீர் ஊற்றியது குறித்து அக்காவுக்கு விளக்கம்

ஒரூரோ,
கார்னிவல் முடிந்த ஞாயிறு, காலை 9.40

என் அன்புக்கும் பயத்துக்கும் சம அளவில் உரிய அக்கா செனோபியா அவர்களுக்கு,

உங்கள் தம்பி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் எலெயுத்தேரியோ உவராச்சி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். மகள் சுல்மாவும் சுகம். அவளுக்கும் எனக்கும் நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். அங்கே நீங்களும், அத்தான் அபுந்தியோவும், அத்தானின் இடது முழங்காலும் சுகமாக இருக்கச் சுரங்கத்து மாதா அருள் புரிய வேண்டும்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். வருகிறாள். நாளை திங்கட்கிழமை காலை எட்டரை மணிப் பேருந்தில் கோச்சபாம்பாவுக்கு வருகிறாள். டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது. "ஒரு வருஷம் டைம் குடுங்க அத்தை, அடுத்த கார்னிவல் முடியறதுக்குள்ள எங்க குழுவுக்கு ஒரு பெரிய டூர் கிடைக்கலேன்னா நானே வந்து உங்க மருந்துக்கடையில நிக்கிறேன்" என்று போன வருஷம் உங்கள் கையைப் பிடித்துச் சொன்னாளே, அந்த வாக்கை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அவள் அம்மா போன நாளிலிருந்து அவளுக்கு அம்மாவாக இருப்பது நீங்கள். உங்கள் பேச்சுக்கு எதிராக நான் ஒரு சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு ஏன் மகளோடு பேச்சில்லை என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வேயில் தந்தி அடித்துப் பழகியவன் நான், வளவளவென்று எழுதுகிற ஆள் இல்லை.

இந்த மெட்டல் இசைக் குழுவில் மூன்றே பேர். கிதார் வாசித்துக்கொண்டே உறுமுவது நம் சுல்மா. பேஸ் கிதார், டயர் பஞ்சர் கடை க்ரோவர். டிரம்ஸ், ரொட்டிக்கடை ரோமுலோ. காலையெல்லாம் மாவு பிசைகிற கை அது, டிரம்மையும் அப்படியேதான் பிசைகிறது. குழுவின் பெயர் 'கல் நுரையீரல்'. இந்தப் பெயரை முதல்முதலாகக் கேட்டபோது நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். நம் அப்பா சுரங்கத்துத் தூசி அடைத்து எதில் மூச்சு முட்டிச் செத்தாரோ, அதையே பெயராக வைத்துக்கொண்டு மேடை ஏறுவாளாம். "வேற பேரே கிடைக்கலியாடி உனக்கு?" என்றேன். "தாத்தாவைப் பத்தி யாருமே பாடலியேப்பா" என்றாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் போஸ்டரில் அந்தப் பெயரை எழுதியிருக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! முள்ளுச்செடியைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்த மாதிரி. முப்பத்தொரு வருஷம் ரயில் பெயர்ப்பலகை படித்த எனக்கே முதல் எழுத்து எது, கடைசி எழுத்து எது என்று தெரியவில்லை. "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்பா" என்கிறாள். தெரிந்தவர்களுக்குப் போஸ்டர் எதற்கு?

நான் அவர்களோடு ஊர் ஊராகப் போனதாக உங்களிடம் யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். போனது உண்மை. ஆனால் போனது கண்காணிக்க. பெட்டி தூக்கினேன் என்பதும் உண்மை, அது முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால். முதல் தடவை நான் போனது உவானுனிக்கு, அதுவும் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவதற்காக. போய்ப் பார்த்தால் அவ்வளவு பெரிய மண்டபத்தில் நாலே பேர். ஒருவர் மண்டபத்துக் காவல்காரர். இன்னொருவர் அவர் மனைவி, கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். மூன்றாவது, கறுப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞன். நாலாவது நான். சரி, இந்த அவமானத்தைப் பார்த்து அவளே மூட்டை கட்டிவிடுவாள், நாம் வாயைத் திறக்க வேண்டாம் என்று உட்கார்ந்தேன். அக்கா, அவள் மேடைக்கு வந்தாள், "எப்படி இருக்கீங்க உவானுனி!" என்று நாலாயிரம் பேர் நிற்கிற மாதிரி ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், காவல்காரர் தன்னையறியாமல் "நல்லா இருக்கோம்மா" என்று எழுந்து நின்றுவிட்டார். நாற்பது நிமிஷம். ஒரு பாட்டைக் குறைக்கவில்லை, ஒரு அடியை மிச்சம் பிடிக்கவில்லை. நாலு பேருக்கு நானூறு பேருக்கான வியர்வையைச் சிந்தினார்கள். காவல்காரர் மனைவி பின்னுவதை நிறுத்தி, ஊசியை மடியில் வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். முடிந்ததும் அந்தக் கறுப்புச் சட்டை என்னிடம் வந்து, "ஐயா, இவங்க அடுத்து எங்க வாசிக்கிறாங்க?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. போய்க் கேட்டு வந்து சொன்னேன். கண்காணிப்பு வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த ஊருக்கு அந்தப் பையன் மூன்று நண்பர்களைக் கூட்டி வந்தான். அந்த மூன்று பேர் ஆளுக்கு இரண்டு பேரை. சல்யாபாதாவில் பள்ளிக்கூட ஆண்டுவிழா, பேருந்துக் கூரையில் கட்டியிருந்த டிரம்முக்குள் ஆலங்கட்டி மழை விழுந்து நிறைந்துபோய், அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத் துண்டால் துடைத்து வாசித்தார்கள். கரகோல்யோவில் லாரி டிரைவர்கள் சங்க விழா. அங்கே சங்கத் தலைவர் மேடைக்குக் கீழே நின்று, "ஏம்மா, இந்த இரைச்சல் போதும், ஆடற மாதிரி ஒரு மொரெனாதா போடு!" என்று கத்துகிறார். நான் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். நம் பெண் அசரவில்லை. "அண்ணே, எங்களுக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். ஆனா மெதுவா ஒண்ணு இருக்கு, ஆடிப் பாருங்க, கால் சுளுக்கினா நான் பொறுப்பு" என்று சொல்லி தங்கள் பாட்டுகளிலேயே கனமான ஒன்றை ஆரம்பித்தாள். நாற்பது லாரிக்காரர்கள் வரிசை கட்டி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, நம் கார்னிவல் மொரெனாதா ஆட்டத்தின் அடியிலேயே ஆடித் தீர்த்தார்கள். தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "யாருங்க எழுதின மொரெனாதா இது? எழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு, ஆனா கால் நிக்க மாட்டேங்குது" என்றார். என் மகள் எழுதியது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, டிரம் சத்தத்தில் அப்படித்தான் பேச வேண்டும்.

இப்போது அவர்கள் எங்கே வாசித்தாலும் அறுபது பேர் பின்னாலேயே வருகிறார்கள். ஆரம்பத்தில் சாமான்களை மேடையில் அடுக்க இருபத்திரண்டு நிமிஷம் பிடித்தது. இப்போது ஒன்பது. என் காலத்தில் எஞ்சின் மாற்ற இவர்களைப் போல நாலு பேர் கிடைத்திருந்தால் இந்த நாட்டில் ரயிலே நின்றுபோயிருக்காது. நிகழ்ச்சி நாலு மணி என்று போட்டால் நாலு மணிக்கு முதல் அடி விழும். பொலிவியாவில், அக்கா! சொன்ன நேரத்துக்கு! இதை நான் பாராட்டிச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லா பாஸில் மிர்த்தா அலியாகா என்று ஓர் அம்மாள். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய மெட்டல் குழு ஒன்றை ஐந்து ஊருக்கு அழைத்துப் போகிறார். ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெரிய குழுவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வாசிக்க நம் நாட்டுக் குழு ஒன்று வேண்டும். சுல்மா தன் பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "ரெக்கார்டிங்லாம் அனுப்பாதம்மா. அதுல எங்க மாமியார்கூட நல்லாப் பாடுவாங்க. நேர்ல வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றிருக்கிறார். கார்னிவல் முடிந்த சனிக்கிழமை, அதாவது நேற்று, மாலை நாலு மணிக்கு ஒரூரோ வருவதாக ஏற்பாடு. மண்டபம் நம் ரயில்வே தொழிலாளர் சங்க மண்டபம். யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்ற விவரம் உங்களுக்கு வேண்டாம். ஆக, அந்த அம்மாள் சரி என்றால் டூர், இல்லை என்றால் திங்கட்கிழமை எட்டரை மணிப் பேருந்து. ஒரு வருஷத்து உழைப்பு அத்தனையும் அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் வந்து நின்றது.

நடுவில் செவ்வாய்க்கிழமை வந்தது. கார்னிவல் செவ்வாய் என்றால் வீடு, வண்டி, தொழில் செய்கிற கருவி எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் சுற்றி, வண்ணக் காகிதமும் பூவும் தூவி, பீர் ஊற்றி, பூமித்தாய் பாச்சமாமாவிடம் வேண்டிக்கொள்ளாமல் நம் வீட்டில் என்றைக்காவது விட்டிருக்கிறோமா? அத்தான் தன் மருந்துத் தராசுக்கே ஊற்றுகிறார். சுல்மா காலையிலேயே கிதாரைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "ரெண்டு சொட்டு தரையில ஊத்துங்க போதும்பா, சாமான் மேல வேணாம்" என்று சொல்லிவிட்டு, மூன்று பேருமாக க்ரோவர் கடையில் டயர் மெஷினுக்குப் பூசை போடப் போய்விட்டார்கள். பின்னறையில் நானும் சாமான்களும் மட்டும். அங்கே ஐஸ்பெட்டி உயரத்துக்கு ஒன்று நின்றது. பேஸ் கிதாருக்கான ஆம்ப்ளிஃபையர், சிலே எல்லையிலிருந்து க்ரோவர் பேருந்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது, வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. புதுச் சாமானுக்குத்தானே முதல் மரியாதை? அதன் தலைப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. காற்றுப் போவதற்காக வைத்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பார்த்தபோது, அடடா, ஊற்றுவதற்கென்றே வழி வைத்துச் செய்திருக்கிறானே, விவரமான கம்பெனி என்றுதான் தோன்றியது. ஒரு பாட்டில் முழுசாக ஊற்றினேன். நாலு மூலைக்கும் பிரித்து, நிதானமாக, மனதார வேண்டிக்கொண்டு ஊற்றினேன். மேலே வண்ணக் காகிதமும் ரோஜா இதழும் தூவி, காகிதச் சுருளால் சுற்றி, தூசி படாமல் போர்வை போட்டு மூடிவிட்டு, அன்று மத்தியானம் திருப்தியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மண்டபத்தில் சரிபார்க்கும்போது க்ரோவர் அந்தப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டான். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு பார்லி வறுக்கிற வாசனை. க்ரோவர் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றிச் சாய்த்தான். நுரை வந்தது. நுரையோடு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் காகிதம் வந்தது. ஒரு முழு ரோஜா இதழும் வந்து ரோமுலோவின் செருப்பு மேல் உட்கார்ந்தது. மூன்று பேரும் இதழைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"எவ்ளோ ஊத்துனீங்க ஐயா?" என்றான் க்ரோவர். கோபமே இல்லாமல் கேட்டான், அதுதான் தாங்கவில்லை.

"ஒரு... சம்பிரதாயத்துக்கு."

"சம்பிரதாயம் ஒரு லிட்டர் வருதே ஐயா."

சுல்மா திட்டவில்லை. கிட்டே வந்து மெல்லக் கேட்டாள், "அப்பா, வேணும்னே பண்ணீங்களா?" என் சட்டைப்பையில் இருந்த பேருந்து டிக்கெட் அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அக்கா, பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது! பதில் என்னிடம் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லாத விஷயம்.

வேறு பெட்டி வாங்கலாம் என்றால் கார்னிவல் வாரத்தில் ஒரூரோவில் எந்தக் கடை திறந்திருக்கிறது? இரவல் வாங்கலாம் என்றால், ஊரில் இருந்த அத்தனை பெட்டியும் நடனக் குழுக்களோடு போய்விட்டது, போனவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் இருப்பது சங்கக் கூட்டத்துக்கு வைத்த இரண்டு புனல் ஒலிபெருக்கி, "தோழர்களே" என்ற சொல்லையே இருமிக்கொண்டுதான் சொல்லும். அதில் பேஸைப் போட்டால் அதுவும் சேர்ந்து சாகும். "அடித்தொண்டை இல்லாம மேடை ஏறினா நாம கொசு மாதிரிதான் இருப்போம்" என்றான் ரோமுலோ. நான் அங்கே நிற்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினேன்.

கொல்லையில் ஒரு பித்தளை வாத்தியக் குழு, சாயங்காலம் கார்னிவலை வழியனுப்பும் ஊர்வலத்துக்கு வாசிக்க வந்தவர்கள், வட்டமாக உட்கார்ந்து சுட்ட ஆட்டுத்தலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் டியூபாக்காரர்கள், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்கிற அந்தப் பெரிய பித்தளைக் குழல். மூத்தவர் யாரென்று பார்த்தால் நம் காஸ்தோ. என்னிடம் சிக்னலில் வேலை பார்த்தானே, அதே காஸ்தோ.

"காஸ்தோ, எழுந்திரு."

"ஸ்டேஷன் மாஸ்டர்! இருங்க, தலை பாதிதான் ஆயிருக்கு."

"மீதியை அப்புறம் தின்னு. உன் ஆளுங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா, என் மக உசுரு போகுது."

"ஐயையோ, பாப்பாவுக்கு என்ன?"

"பேஸ் போச்சு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எலும்பைக் கீழே வைத்துவிட்டு வந்தான். பழைய ரயில்வேக்காரன், கேள்வி கேட்காமல் ஓடுவான்.

டியூபாவைப் பார்த்ததும் சுல்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என்னப்பா இது? எங்களை சர்க்கஸ்னு நெனச்சீங்களா?" க்ரோவர் அவள் தோளைத் தொட்டு, "ஒரு தடவை கேட்டுப் பாப்போம். அவங்க சத்தம் என் பெட்டியைவிடப் பெருசு" என்றான். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. அப்போது என் மகளின் முகம் மாறியதைப் பார்த்தேன் அக்கா. பெட்டி செத்துக் கிடக்கிறது, அப்பா துரோகியோ முட்டாளோ தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என்ன இருக்கிறது, எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிற முகம். தண்டவாளம் உடைந்த அன்றைக்கு நான் அப்படி நின்றதில்லை.

"காஸ்தோ ஐயா, எங்க பாட்டுல உங்களுக்கு மூணே சுரம். மி, ஃபா, சோல். என் வலது காலைப் பாருங்க. குதிகாலைத் தூக்கினா மி. தட்டினா ஃபா. முன்னால வச்சா சோல். உதைச்சா நிறுத்திடுங்க."

"மூணே சுரமா? எங்க ஆளுங்க ஏழு புட்டி குடிச்சிட்டு வாசிக்கிறதே அவ்ளோதான் பாப்பா."

"வேகமா இருக்கும். மூச்சு தாங்குமா?"

"முப்பது வருஷம் உங்கப்பன் பச்சைக்கொடி சிவப்புக்கொடியைப் பாத்து வேலை செஞ்சவன் நான். உன் காலைப் பாக்க மாட்டேனா? மூச்சு நின்னா ஊர்வலத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குவாங்க, நீ ஆரம்பி."

சரியாக நாலு மணிக்கு முதல் அடி விழுந்தது. மண்டபம் நிறைய ஆள், எல்லாம் கறுப்புச் சட்டை. மூன்றாவது வரிசையில் மிர்த்தா அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டில் டியூபாக்காரர்கள் அரை அடி பின்தங்கினார்கள். ரோமுலோ யாருக்கும் தெரியாமல் டிரம்மை அரை அடி இழுத்துப் பிடித்து அவர்களைச் சேர்த்துக்கொண்டான். க்ரோவர் பேஸை மாட்டிக்கொண்டு டியூபாக்காரர்களுக்கு நடுவில் நின்று, ஒரு சத்தம்கூட வராத அந்தக் கிதாரை, ஒரு சுரம் விடாமல், நாற்பத்தைந்து நிமிஷமும் முழு வேகத்தில் வாசித்தான். யாருக்குமே கேட்காது என்று தெரிந்தும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஒருவனை நான் அரசு உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை.

கடைசிப் பாட்டு அப்பாவைப் பற்றியது. நம் அப்பா. சுல்மா உறுமிக்கொண்டு வந்து, நடுவில் எல்லாவற்றையும் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. காலை உதைத்தாள், டிரம் நின்றது, கிதார் நின்றது, டியூபா நின்றது. ஆனால் அந்த மூன்று கிழவர்களுக்கும் மூச்சு வாங்கியது. நம் ஊர் உயரம் தெரியுமே உங்களுக்கு, சும்மா படி ஏறினாலே நெஞ்சு அடைக்கும். மூன்று பேரும் வாயைக் குழலிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து மூச்சு விட, அது அந்தப் பித்தளைக்குள் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா, அது அப்பாவின் மூச்சு. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நீங்கள் முதுகைத் தடவ, நான் வாளியைப் பிடிக்க, இழுப்பாரே, அதே மூச்சு. சுல்மாவுக்கு அது முன்கூட்டித் தெரியாது. அவளும் கேட்டாள். அடுத்த அடியைப் போடாமல் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, அந்த மூச்சை எல்லாரும் கேட்கட்டும் என்று விட்டாள். இருநூறு பேர் அசையாமல் நின்றார்கள். பிறகு அவள் கத்தினாள் பாருங்கள், அப்பா கத்த நினைத்துக் கத்த முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து. நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பக்கத்தில் நின்ற கறுப்புச் சட்டைக்காரன் தோளில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

முடிந்ததும் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கூச்சல். மிர்த்தா அம்மாள் மட்டும் ஃபிளாஸ்க்கை மூடினார், சால்வையைச் சரிசெய்தார், மேடை அருகில் வந்து, "நன்றிம்மா. யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, லா பாஸ் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். ஆயிற்று. இந்த நாட்டில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? சுல்மா மூன்று டியூபாக்காரர்களின் கையையும் பிடித்து நன்றி சொன்னாள், வயர்களைச் சுருட்டி வைத்தாள், என்னிடம் வந்து, "திங்கக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள். எட்டரை என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு. இதோ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், கறுப்பாகவே மடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே அக்கா, வாக்குக் கொடுத்தபடி வருகிறாள். உங்களிடம் சில வேண்டுகோள்கள். தலைமுடியை வெட்டச் சொல்லாதீர்கள். அது என்ன கத்தல் என்று அத்தான் கேட்க வேண்டாம், கேட்டால் அவள் விளக்கம் சொல்வாள், அத்தானின் இதயத்துக்கு அது நல்லதில்லை. முக்கியமாக, அவளைக் கடையின் பின்பக்கம் உட்கார்த்தி மாத்திரை எண்ண வைக்காதீர்கள். முன்னால், மனிதர்கள் முகம் பார்த்து நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். நாலு பேர் முன்னாலும் இருநூறு பேர் முன்னாலும் ஒரே மாதிரி நிற்கத் தெரிந்த பெண் அவள். அப்படி நிற்க எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, நம் வம்சத்திலேயே யாருக்கும் தெரிந்ததில்லை. ஒரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அவளால் முடியாமல் இல்லை அக்கா. ஒரு பாட்டில் பீரால்தான் முடியாமல் போனது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு முத்தங்களையும் கொடுங்கள். மாதா உங்கள் கடையையும், கடைக்கு வரும் நோயாளிகளையும், கடன் சொல்லாத நோயாளிகளை விசேஷமாகவும், காக்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
எலெயுத்தேரியோ

பி.கு. திங்கள், காலை 10.15, பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது. தபாலில் போடக் கொண்டுவந்த கடிதத்தைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். எட்டு மணி இருபத்தாறு நிமிஷத்துக்கு என் போன் அடித்தது. சுல்மா அதற்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள், அவள் போன் அணைந்திருந்தது. "கல் நுரையீரல் மேனேஜருங்களா?" என்றது ஒரு பெண் குரல். போஸ்டரில் அந்த முள்ளுச்செடிக்குக் கீழே என் எண்ணைத்தான் போட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மேனேஜர்தான் பேசுகிறேன் என்றேன், வேறென்ன சொல்வது. "நான் மிர்த்தா. அந்தக் குழல் பெரியவங்களைக் கூட்டிட்டு வர வேணாம், அவங்க மூச்சு நின்னா நான்தான் பதில் சொல்லணும். மத்தபடி அஞ்சு ஊருக்கும் உங்க ஆளுங்கதான். உங்க பெட்டி செத்துக் கிடந்ததைப் பாத்தேன். அஞ்சு ஊர்லயும் அஞ்சு பெட்டி சாகும் சார், எனக்கு வேண்டியது அது செத்தப்புறமும் நாலு மணிக்கு ஆரம்பிக்கிறவங்க" என்றார். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மந்திரிக்காகக்கூட ஒரு ரயிலை நான் ஒரு நிமிஷம் நிறுத்தியதில்லை. ஓடிப்போய்ப் பேருந்துக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். "ஏய் பெருசு, சாவறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்றான். ஏறி உள்ளே போய், "இறங்கும்மா, டூர் கிடைச்சுடுச்சு" என்றேன். அவள் இறங்க மாட்டேன் என்கிறாள் அக்கா! "கார்னிவல் முடிஞ்சு போச்சுப்பா. அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்கிறாள். உங்கள் வளர்ப்பு. பேருந்தே எங்களைப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை சொல்லாத பதிலை அங்கே வைத்துச் சொன்னேன். "வேணும்னே பண்ணேனான்னு கேட்டியே. ஊத்தும்போது நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? பாச்சமாமா, என் பொண்ணுக்கு இந்த டூரைக் குடு, அவளை மருந்துக்கடைக்கு அனுப்பிடாதேன்னு. சின்ன வேண்டுதலா இருந்தா அரை பாட்டில்ல நிறுத்தியிருப்பேன்டி." அவள் என்னைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, இரண்டும்தான். பின் சீட்டு அம்மாள் ஒருத்தி, "இறங்கித் தொலைம்மா, எங்களுக்கு நேரமாகுது" என்றாள். பதினோரு நிமிஷத் தாமதம். இறங்கிவிட்டாள்.

எழுதிய எட்டுப் பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். 'வருகிறாள்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'வரவில்லை' என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கடைக்கு வேறு ஆள் பாருங்கள். டூரின் முதல் நிகழ்ச்சி வருகிற சனிக்கிழமை உங்கள் கோச்சபாம்பாவில்தான். உங்களுக்குக் கொடுத்த வாக்கை முறித்தது அவள் இல்லை, நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். சனிக்கிழமை முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்று, தொண்டை கிழியத் திட்டுங்கள் அக்கா. அங்கே எவ்வளவு கத்தினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.